களிம்பு நலங்கு

சுகவாரி மருத்துவமனையில் ‘வலி’ என்ற சொல்லைத் தடை செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேளம்பாக்கத்தைத் தாண்டித் திருப்போரூர் போகிற சாலையில், கண்ணாடிச் சுவரும் வாசலில் நீரூற்றுமாக நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். உள்ளே பல் வலியோடு போகிறவர் ‘பல்லில் உணர்வு இருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். மறந்துபோய் வலி என்று சொல்லிவிட்டால், வரவேற்பு மேசைப் பெண் சிரித்த முகம் மாறாமல் மறுபடி சொல்லச் சொல்வாள். பிரசவத்துக்கு வந்த ஒருத்தி அப்படி மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தப் பெண்ணின் பரம்பரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் பிறகு பிரசவப் பிரிவுக்கு மட்டும் விலக்கு அளித்துச் சுற்றறிக்கை வந்தது.

எல்லாம் ஒரு பித்தளைத் தகட்டுக்காக. அகில இந்திய வலியொழிப்புக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அது ‘வலியில்லா மருத்துவமனை’ என்று பொறித்த தகடு கொடுக்கும். அதை வாசலில் அடித்துக்கொண்டால், உள்ளே நடப்பது எதுவும் வலி ஆகாது. மருத்துவமனைத் தலைவர் ராஜகோபாலன் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ தகடுகளைத் திறந்து வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு தகடு இல்லையே என்பது அவருக்குப் பெரிய குறை. தகடு வேண்டுமென்றால் கழகத்தின் தேசிய ஒருங்கிணைப்பாளர் கண் முன்னால், ஒரு நோயாளிக்கு வலிக்காமல் ஒரு சிகிச்சை நடந்தாக வேண்டும். அவ்வளவுதான் விதி. அந்த நோயாளியாக மோசஸின் மகள் வந்து மாட்டினாள்.

மோசஸ் படூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வீடு கோவளத்தில். மனைவி ரெஜினாவுக்குச் செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. ஒரே பெண் ஷாரோன் இரண்டாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் தோல் தடித்து, சிவந்து, அரிக்கும். சொறிந்தால் நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர்கள் அதற்கு எக்ஸிமா என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் சொறி.

அது ஒட்டாது, தொத்தாது என்று டாக்டர் சொல்லியும் என்ன பிரயோஜனம்? பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மா வந்து சத்தம் போட்டாள். டீச்சர் ஷாரோனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். மோசஸ் போய்க் கும்பிட்டுக் கேட்டும் நடக்கவில்லை. சண்டை போட அவனுக்குத் தெரியவில்லை, மறைக்கத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து சித்திரை வெயிலிலும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டைதான். யாராவது கேட்டால், கடற்காற்றுக்கு ஆகாது என்பான். கோவளத்தில் இருந்துகொண்டு கடற்காற்றுக்கு ஆகாது என்று சொல்கிற ஒரே ஆள் அவன்தான்.

அந்தக் கைகளில் இந்த வருஷம் பாலுண்ணி வேறு கிளம்பியது. பால் நிறத்தில் சின்னச் சின்ன மருக்கள். சுகவாரியின் தோல் டாக்டர் வசுமதி பார்த்துவிட்டு, சுரண்டி எடுத்துவிடலாம், குழந்தைக்குத் தெரியாமல் இருக்கத் தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு இருக்கிறது என்றார். அவர் அவசரப்படாமல் சொல்கிறவர். மருவின் மேல் மட்டும் களிம்பை ஒரு பொட்டு கனமாக வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூட வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் விடலாம். இவளுக்கு அரிப்புத் தோல் என்பதால் அரை மணிதான், உடனே துடைத்துவிட வேண்டும். சொறிந்து புண்ணான இடத்தில் படவே கூடாது, அந்த வழியாக மருந்து ரத்தத்தில் இறங்கிவிடும். வாயில், கண்ணில் படக் கூடாது.

“வெளிப்பூச்சு மருந்துதானேன்னு நெனச்சிடாதீங்க மோசஸ். அளவு மீறினா ஆபத்து. யார் பூசினாலும், எக்ஸிமா இருக்குன்னு முதல்ல சொல்லிடணும்.”

சொல்லிடறேன் டாக்டர் என்று மோசஸ் தலையை ஆட்டினான். மறக்கிற ஆளும் இல்லை அவன். மறந்து தொலைத்திருந்தால்கூட அவனுக்குப் பின்னால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் அறையை விட்டு வெளியே வந்தபோது தர மேலாளர் சிவராம் தாழ்வாரத்தில் குழந்தை தேடிக்கொண்டிருந்தார். விழாவுக்கு ஒரு குழந்தை வேண்டும். கேட்ட பெற்றோர் எல்லாம் நழுவிவிட்டார்கள். ஷாரோன் முழுக்கைச் சட்டையும் ரெட்டைச் சடையுமாக வந்ததைப் பார்த்து, படத்துக்கு லட்சணமாக இருக்கிறாள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். வருகிற சனிக்கிழமை மேடையிலேயே களிம்பு பூசி, மேடைக்குப் பக்கத்துத் தடுப்பறையில் சிகிச்சை. மகளுக்குப் பூச்செண்டு, தகப்பனுக்குப் பொன்னாடை.

மோசஸுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் குடும்பத்திலும் மேடை ஏறியவர்கள் உண்டு. பந்தல் போட ஏறியவர்கள், பிரிக்க ஏறியவர்கள். மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் யாரும் கிடையாது. சனிக்கிழமை கடையில் லீவு கிடைக்காத ரெஜினாவிடம் சொன்னபோது, வசுமதி டாக்டர் கூட இருப்பாங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இருக்காமலா என்றான்.

இருக்கவில்லை. மருத்துவமனையில் தோல் தெரிந்த ஒரே டாக்டர் வசுமதி. மருத்துவமனையில் எல்லாரிடமும் நயமாகப் பேசத் தெரிந்தவரும் அவரே. ஆகவே அவரை வரவேற்புக் குழுவில் போட்டு, புரவலர் அத்வைத்தை அழைத்துவர மாமல்லபுரத்துக்குக் காரில் அனுப்பிவிட்டார்கள். அத்வைத் கடற்கரையோரம் பங்களாக்கள் கட்டி விற்கிறவர். இந்தக் கண்ணாடிச் சுவர் அவர் கொடுத்தது.

விழாவுக்கு முன்னால் மேடையில் ஒரு ஒத்திகை நடந்தது. குழந்தைக்கு மருந்து பூசும் முன் பாதுகாப்புக் கேள்விகளை ‘உரக்கவும் தெளிவாகவும்’ கேட்க வேண்டும் என்று கழகத்தின் கையேட்டில் இருக்கிறதாம். ஆகவே சிவராம் மைக்கில் கேட்பார். பதில் என்ன என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆம். கடைசிக் கேள்வி, இந்த மருத்துவமனை உங்களுக்குத் திருப்தியா என்பது.

மோசஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், பாப்பாக்குக் கையில கொஞ்சம் அரிப்பு கீது. டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க” என்றான்.

அவன் தாழ்த்தியது போதவில்லை. பக்கத்தில் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, ஷாரோனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. அதுவே மோசஸுக்குப் போதுமானதாக இருந்தது. முகத்தில் ரத்தம் ஏறி, காது மடல் சுட்டது. சிவராம் ரொம்பப் பரிவாக அவன் தோளைத் தட்டி, அதையெல்லாம் அப்புறம் தனியாக டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம், அத்தனை பேர் முன்னால் சொன்னால் குழந்தையின் மனம் புண்படும் என்றார். தோல் புண்பட்டால் என்ன ஆகும் என்பது அவர் துறை இல்லை.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. கூட்டம் குறையக் கூடாது என்று நர்ஸுகள், ஆயாக்கள், மருந்தகத்து ஆட்கள், அவசரப் பிரிவு உள்பட எல்லாரையும் ஒரே நிறச் சேலை, சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவசரம் யாருக்கும் வராது என்று ஏற்பாடு. மேடை நடுவில் முதுகு உயர்ந்த சிவப்பு நாற்காலியில் ஷாரோன். காலுக்குத் தரை எட்டவில்லை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் புதுப் பொன்னாடையும் வேர்வையுமாக மோசஸ்.

சிவராம் மைக்கைப் பிடித்தார். “குழந்தைக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா?”

“இல்ல சார்.”

“ரத்தம் சம்பந்தமான நோய்?”

“இல்ல சார்.”

“தோல் நோய், புண், அரிப்பு ஏதாவது உண்டா?”

அரங்கத்தில் எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் சேலையை இழுத்துச் செருகியவளும் இருந்தாள். மைக்கை அவன் வாய்க்கு அருகில் நீட்டியபடி சிவராம் கண்ணால் சிரித்தார். “இல்ல சார்” என்றான் மோசஸ். குரல் மைக்கில் கணீரென்று கேட்டது. அந்த நேரத்தில் ஷாரோன் திரும்பி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் களிம்புப் பூச்சு. அழைப்பிதழில் ‘முதல் பூச்சு: தேசிய ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருந்தது. அவர் கையுறை மறுத்துவிட்டார், படத்தில் விரல் தெரியாதாம். வெறும் விரலால் தொட்டு, குழந்தையின் வலது கையில் ஒரு பொட்டு வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஒருங்கிணைப்பாளர் வைத்தால் தலைவர் வைக்காமல் இருப்பாரா? ராஜகோபாலன் வைத்தார். தலைவர் வைத்தால் தலைவர் வீட்டம்மா?

சாவித்ரி அம்மாள் பட்டுப்புடவை சரசரக்க வந்தார். பெண் குழந்தை, அலங்கார நாற்காலி, எதிரே தட்டு, தட்டில் வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்தில் வெள்ளையாகக் குழைவாக ஒரு பூச்சு. இதைப் பார்த்த பிறகு நம் ஊர்ப் பெண்களின் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் களிம்பை வழித்து, முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை நலங்கு வைப்பதுபோல நீவி இறக்கினார். ஆரம்பித்து வைத்ததுதான் தாமதம், கீழே இருந்து துணைத் தலைவர் வீட்டம்மா, பொருளாளர் வீட்டம்மா, மாமியார், நாத்தனார் என்று வரிசை கட்டிவிட்டது. ஒவ்வொருவரும் வலது கையில் ஒரு தடவை, இடது கையில் ஒரு தடவை. ஒருவர் பழக்க தோஷத்தில் கன்னத்திலும் தடவினார். கிண்ணம் காலியாகக் காலியாக, மருந்தகத்து ஆள் குழாய் குழாயாகப் பிதுக்கி நிரப்பினான். மேளம் ஒன்றுதான் குறை.

வரிசை முடிந்து மறுபடி நீவ வந்த சாவித்ரி அம்மாளின் கை முழங்கை மடிப்பில் நின்றது. “இதென்ன, இங்க சிவந்து இருக்கு?”

மோசஸுக்கு அப்போது ஒரு வாசல் திறந்தது. அதையும் அவனே சாத்தினான். “கொசுக்கடிங்க மேடம். எங்க பக்கம் கொசு ஜாஸ்தி.”

“அடடா” என்று அந்த அம்மாள் உருகி, அந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்துத் தேய்த்தார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. கொசுக்கடிக்கு யார்தான் இரங்க மாட்டார்கள்? ஷாரோன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே மருத்துவமனையின் சின்னம் போட்ட ரிப்பன் கட்டினார்கள்.

பிறகு உரைகள். ராஜகோபாலன் எழுந்தார்.

“வலி என்பது ஒரு நிர்வாகக் குறைபாடு. ஒரு நோயாளி ‘ஆ’ என்று கத்தும்போது அவர் நம்மை விமர்சிக்கிறார். விமர்சனத்தை நாம் வரவேற்கிறோம். அதற்காகப் புகார்ப் பெட்டியும் வைத்தோம். இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை. பெட்டியில் சீட்டுப் போடச் சந்து விடவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். குறை சொல்பவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.”

அவர் இப்படியே தன் பணிக்காலம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். அரை மணி எப்போதோ போய்விட்டது. மற்றக் குழந்தைகளுக்கான ஒரு மணியும் போனது. மோசஸ் எழுந்து சிவராம் பக்கம் குனிந்து, களிம்பைத் துடைச்சிடலாமா சார் என்று கேட்டான். சிவராம் நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினார். ‘களிம்புத் துடைப்பு: புரவலர் அத்வைத் அவர்கள்.’ புரவலர் கார் திருப்போரூர் சிக்னலில் நிற்கிறது. கண்ணாடிச் சுவர் கொடுத்தவருக்கு ஒரு துடைப்புகூட இல்லை என்றால் எப்படி? இதோ வந்துவிடுவார், உட்காருங்கள் என்றார். மோசஸ் உட்கார்ந்தான். உட்கார் என்று சொன்னால் உட்கார்ந்துவிடுகிற வியாதி அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு. அதையும் மைக்கில் யாரும் கேட்கவில்லை.

அடுத்து தேசிய ஒருங்கிணைப்பாளர் பேசினார். தடித்த கட்டாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். பூசிய விரலைக் கழுவாமல், அதையே நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டினார். இரண்டு மூன்று தாள் வரை தமிழ் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ‘வலியற்ற பாரதம்’ என்பது ‘வயியய்ய வாவவம்’ என்று வர ஆரம்பித்தது. தொண்டையை நனைக்கத் தண்ணீர் குடித்தார். அது கடைவாய் வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது அவருக்கே தெரியவில்லை. முன் வரிசையில் ஒருவர், காலங்காத்தாலேயேவா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ராஜகோபாலன் சட்டென்று மைக்கை வாங்கி, நமது விருந்தினர் உணர்ச்சிப் பெருக்கில் இருக்கிறார் என்று விளக்கம் கொடுத்தார். பலத்த கைதட்டல்.

எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது மோசஸ் மட்டும் ஒருங்கிணைப்பாளரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் ஒட்டியிருந்ததற்கே ஒரு பெரிய மனுஷன் வாய் இந்தப் பாடு படுகிறது. பிள்ளைக்கு இரண்டு கை முழுக்க. அதுவும் சொறிந்த தோலில். நாற்காலியைச் சத்தமில்லாமல் முன்னால் நகர்த்தி, “கண்ணு, இன்னாமா பண்ணுது?” என்று கேட்டான்.

ஷாரோனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. “காதுல ஙொய்னு கேக்குதுப்பா. தூக்கம் வர்து.”

முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். மேடை விளக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. சிவராமைக் கூப்பிட்டுக் காட்டினான். சிவராம் பார்த்தார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஆனாலும் பயிற்சி பெற்ற ஆள்.

“நீலம்னு சத்தமா சொல்லாதீங்க. லைட்டு அப்படி. புரவலர் கார் உள்ள நுழைஞ்சாச்சு, ஒரே நிமிஷம்.”

வெளியே செண்டை மேளம் அதிர்ந்தது. மோசஸ் ரிப்பனைப் பிய்த்தான், பிளாஸ்டிக்கைக் கிழித்தான். துடைக்கத் துணியைத் தேடி, கழுத்தில் கிடந்த பொன்னாடையை உருவி, மகளின் கைகளை அதனால் வழித்து வழித்து எடுத்தான். சிவராம் பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “அய்யோ, முழுக்கத் துடைச்சிடாதீங்க. சாருக்குக் கொஞ்சம் பாக்கி வைங்க.”

மோசஸ் அந்தக் கையை உதறிவிட்டு ராஜகோபாலன் கையில் இருந்த மைக்கை இழுத்தான். வாழ்நாளில் அவன் மைக்கில் பேசியது இரண்டே சந்தர்ப்பம், இரண்டும் அன்றைக்குத்தான்.

“நான் சொன்னது பொய்யி. எம்பொண்ணுக்குக் கையெல்லாம் சொறி கீது. அரை மணிக்கு மேல ஆகாது, புண்ணுல படவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வெக்கப்பட்டுகினு சொல்லாம வுட்டேன். யார்னா டாக்டர் கீறீங்களா?”

அரங்கத்தில் டாக்டர்கள் இருந்தார்கள். எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். நலங்கு வைத்த வரிசையில் இருந்தவர்கள் தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள். அந்த அவசரத்திலும் அது மோசஸின் கண்ணில் பட்டுத் தைத்தது. அவன் காத்திருக்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

செண்டை மேளத்துக்கு நடுவே காரிலிருந்து அத்வைத் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே டாக்டர் வசுமதி. குழந்தையின் உதட்டைப் பார்த்ததுமே பூங்கொத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் மோசஸுக்கு முன்னால் அவசரப் பிரிவுக்கு ஓடினார். அங்கே ஆள் இல்லை, எல்லாரும் விழாவில். அவரே ஆக்சிஜனைத் திறந்து முகமூடி மாட்டினார். மூச்சு இரைக்க வந்து சேர்ந்த நர்ஸிடம் மருந்துகளைச் சொல்லி வாங்கினார். ரத்தம் காற்றைச் சுமக்க மறந்துபோயிருக்கிறது, அதை நினைவுபடுத்துகிற மருந்து இது என்று மோசஸுக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குழந்தையின் முன்கையில் ஊசியை ஏற்றினார். ஷாரோன் அசையக்கூட இல்லை. மருந்து நீல நிறமாக இருந்தது. அதைப் பார்த்து மோசஸ் இன்னும் பயந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் ரத்தம் வந்தது. பயம் போனதும், அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்து அவனைப் பிடுங்கித் தின்றது. வசுமதி நாற்காலியில் சாய்ந்து, நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டார்.

“இருந்துச்சு டாக்டர். ஒவ்வொரு வார்த்தையும் இருந்துச்சு.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்தபடி காத்திருந்தான். அவர் திட்டவில்லை. “என்னைக் கார்ல போகச் சொன்னப்ப, இன்னிக்கு எனக்கு ஒரு குழந்தை இருக்கு, போக மாட்டேன்னு நானும் சொல்லலை” என்றார். அவரை யாரோ வந்து கூப்பிட, பக்கத்து அறைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து ராஜகோபாலன் உள்ளே வந்தார். கூட சிவராம், படம் எடுக்கிறவர், நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பாத ஒருங்கிணைப்பாளர். கேள்வி கேட்டதும் மோசஸ் இல்லை என்று சொன்னதும் வீடியோவில் தெளிவாக இருக்கிறது என்று ராஜகோபாலன் மென்மையாக நினைவூட்டினார். ஒரு தகப்பன் பொய் சொன்னால் ஒரு நிர்வாகம் என்ன செய்ய முடியும்? ஆனாலும் நிர்வாகத்துக்கு இதில் எந்த உணர்வும் இல்லை, உங்களை மன்னித்துவிட்டோம் என்றார். மோசஸ் எழுந்து நின்று கும்பிட்டான். கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராஜகோபாலன் கட்டில் அருகே குனிந்தார். கண் விழித்திருந்த ஷாரோனின் கையில் ஊசி செருகியிருந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

“பாப்பா, டாக்டர் இந்த ஊசி போட்டாங்களே, அப்போ வலிச்சுதா?” தடை செய்த சொல்லை அவரே சொல்லிவிட்டார். யாரும் அவரை மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

ஷாரோன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, “இல்ல சார்” என்றாள்.

ராஜகோபாலன் ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பினார். உங்கள் கண் முன்னால், ஒரு நோயாளி, இன்னும் கையில் இருக்கிற ஊசியோடு ஒரு சிகிச்சை, வலி இல்லை. விதியில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் யோசித்தார். ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார் போலிருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை. சிவராம் கை தட்டினார். எல்லாரும் வெளியே போனார்கள். சற்று நேரத்தில் வாசல் சுவரில் துளை போடுகிற சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.

மோசஸ் மகளின் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டான். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“இன்னாமா?”

“அந்த ஆண்ட்டிங்க தேச்சப்போ ரொம்ப எரிஞ்சிச்சி.”

மோசஸ் அவள் பக்கம் குனிந்தான். “அப்பவே ஏம்மா சொல்லல?”

“நீதான் இல்லன்னு சொன்னியே. அதான் நானும் சொல்லல.”

துளை போடுகிற சத்தம் நின்று, சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. மரத்துப்போன தோல் விழித்துக்கொள்கிற நேரம். ஷாரோன் முழங்கையைக் கட்டிலில் மெல்லத் தேய்த்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ரகசியம்போலக் கேட்டாள்.

“இப்போ சொல்லலாமாப்பா?”

“சொல்லுமா.”

“எரியுது.”

மோசஸ் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து, எம்பொண்ணுக்கு வலிக்குது டாக்டர் என்று அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.